நெட் போனால் யாரிடம் கணக்கு?

நாளை எந்த ஊரில், எந்தத் தெருவில் மின்சாரம் இருக்காது என்பதை நாளிதழ்கள் முதல் நாளே அச்சிட்டுவிடுகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போனாலும் பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். எதிர்வீட்டிலும் இருட்டு என்றால் கோளாறு நம் வீட்டில் இல்லை. இணையத்துக்கு இந்த வசதி கிடையாது. மோடத்தில் அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கினால், பிரச்சினை நம் வீட்டு ஒயரிலா, தெருமுனைப் பெட்டியிலா, சாலை தோண்ட வந்த ஜேசிபி அறுத்துவிட்ட கண்ணாடி இழையிலா என்று தெரிவதில்லை. சேவை மையத்துக்குப் போன் போட்டால், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார்கள். அதே நேரத்தில் அதே தெருவிலிருந்து 40 பேர் அதே எண்ணை அழைத்து, அதே பதிலைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். 40 பேருக்கும் தெரியாத அந்த 40 என்ற எண் நிறுவனத்தின் கணினிக்கு மட்டும் தெரியும். புகார் நம்முடையது, அதன் கூட்டுத்தொகை அவர்களுடையது. அந்தக் கூட்டுத்தொகை பகுதிவாரியாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. 2012-ல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ‘டவுன்டிடெக்டர்’ இணையதளம் பயனர்களின் புகார்களை எண்ணி இதைத்தான் செய்கிறது. ஒரு சேவையைப் பற்றி வழக்கமாக எந்த நேரத்தில் எவ்வளவு புகார் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி எண்ணிக்கை எகிறும்போது மட்டும் கோளாறு என்கிறது. நிறுவனங்களே தங்கள் சேவையின் நிலையைத் தளத்தில் காட்டுகின்றனவே, போதாதா என்று கேட்கலாம். போதாது. 2017 பிப்ரவரி 28 அன்று, ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகத் தட்டியதில் அமேசானின் ‘எஸ்3’ சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் சில மணி நேரம் முடங்கியது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று காட்ட வேண்டிய அமேசானின் பக்கமும் அதே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. ஆகவே அதில் நிலவரத்தை மாற்ற முடியாமல், கடைசியில் ட்விட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று. தீ என்று மணியடிக்க வேண்டிய காவலாளி வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான்!

மக்கள் சொல்வது தப்பாக இருக்கும் என்பது நியாயமான ஆட்சேபம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. அவற்றை நடத்தும் நிறுவனத்தின் சொந்த முதுகெலும்பு வலைப்பின்னலில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழைதான் காரணம். ஆனால் ஒரு தப்பும் செய்யாத அமெரிக்க செல்போன் நிறுவனங்கள் மீதும் அன்று புகார்கள் குவிந்தன. உண்மைதான். என்றாலும் மக்கள் பிழையாகச் சொன்னது காரணத்தைத்தானே தவிர, பாதிப்பை அல்ல. வயிற்றுவலியோடு வருபவர் நோயின் பெயரைத் தப்பாகச் சொல்கிறார் என்பதற்காக எந்த மருத்துவரும் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம், விலையுயர்ந்த கருவிகள் அத்தனையும் வைத்துக்கொண்டே, ‘உங்களுக்கு நிலநடுக்கம் தெரிந்ததா?’ என்று இணையத்தில் பொதுமக்களிடம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு, வரும் பதில்களை அஞ்சல் குறியீடுவாரியாக வரைபடமாக்குகிறது. ஒருவர் சொன்னால் அது பிரமையாக இருக்கலாம். ஒரே வட்டாரத்தில் பல நூறு பேர் ஒரே நிமிடத்தில் சொன்னால் அது அளவீடு.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, மாவட்ட அளவில் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ட்ராய்க்குத் தெரிவிக்க வேண்டும். முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாட்களும் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் கோளாறு மாவட்டம் பார்த்தா வருகிறது? பள்ளம் தோண்டுவோருக்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை 2023-ல் வெளியிட்டபோது, ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் கண்ணாடி இழை அறுபடுகிறது என்று ஒன்றிய அரசே சொன்னது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வார்டையோ நான்கு தெருவையோ முடக்குபவையாகத்தான் இருக்கும். 3 மணி நேரம் போய், வந்து, மறுநாளும் போனால் அது இந்தக் கணக்கில் ஏறாது. மாவட்டம் என்ற சல்லடையின் கண் அவ்வளவு பெரிது. அதனால்தான் பின்கோடுவாரியாக, மணிவாரியாகப் புகார் எண்ணிக்கையை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

போட்டி நிறுவனம் ஆள் வைத்துப் பொய்ப் புகார் குவிக்காதா? யார் வேண்டுமானாலும் சொடுக்கும் தளத்தில் அது நடக்கலாம். நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டிலோ ஒவ்வொரு புகாருக்குப் பின்னாலும் ஒரு வாடிக்கையாளர் எண் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு என்ற வாதமும் வரும். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நேற்று நெட் போனது என்பது அந்தத் தெருவில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ‘ஆப்டஸ்’ வலைப்பின்னல் முடங்கி ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் தொடர்பிழந்தனர். அவசர உதவிக்கு அழைத்த 2,000-க்கும் மேற்பட்டோருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. அதன் பிறகு முடக்கங்களைப் பற்றி வாடிக்கையாளருக்கு உடனுக்குடன் தெரிவித்தாக வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அதனால் அந்த நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

இந்த முறையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. முற்றிலும் துண்டிக்கப்பட்டவரால் புகார் கொடுக்கவே முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போன சென்னைத் தெருக்களிலிருந்து யார், எதன் வழியாகப் புகார் அனுப்பியிருக்க முடியும்? புகாரை மட்டும் எண்ணினால், மிக மோசமாக அடிபட்ட பகுதி வரைபடத்தில் மிக அமைதியான பகுதியாகத் தெரியும். ஆகவே ஒரு பின்கோட்டில் புகார் பூஜ்ஜியம் என்று போடும்போது, அந்த மணி நேரத்தில் அங்கே எத்தனை மோடம்கள் இணைப்பில் இருந்தன என்ற எண்ணையும் பக்கத்திலேயே போட வேண்டும். அதற்குப் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. தன் வலைப்பின்னலில் எந்த மோடம் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்பது நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் இப்போதே தெரிகிறது.