மீன்தொட்டியும் உறிஞ்சுவாயும்

கப்பி மீன் முட்டையிடாது. குஞ்சுகளையே ஈனும் இனம். ஏறத்தாழ நான்கு வாரத்திற்கொருமுறை பெண்மீன் இருபது, முப்பது குஞ்சுகளை ஈனுகின்றது. பிறந்த குஞ்சின் நீளம் ஏழு மில்லிமீட்டர் அளவே. மாலையில் அவற்றை எண்ணி மகிழ்ந்த மாணவர்கள் மறுநாட்காலை வந்து நோக்குங்கால் பாதிகூடக் காணப்படுவதில்லை. தாய்மீன் தின்றுவிட்டது என்று கூறி அத்துடன் விட்டுவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். கப்பி தன் குஞ்சைத் தின்பதுண்டு என்பது மெய்யே. ஆயினும் தாயின்மேற் பழியைச் சுமத்துமுன் வடிகட்டியைத் திறந்து பார்த்தல் முறையாகும். காணாமற்போனவற்றுள் சில அதனுள்ளே கிடத்தல் கூடும்.

இது பொழுதுபோக்கினர் மட்டும் கவலைப்படவேண்டிய செய்தியன்று. மும்பை மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புத் துறையினர் கொசுப்புழுவை ஒழிக்கக் கிணறுகளிலும் நீர்நிலைகளிலும் கப்பி மீன்களை விட்டு வருகின்றனர். அவ்வாறு விடுவதற்கென மீன் வளர்க்கும் தொட்டியில் குஞ்சுகள் மடியுமாயின் அது வேலைக்கு நேரும் நட்டமே. தாராவியிலோ மாட்டுங்காவிலோ ஒரு வகுப்பறையில் தொட்டி வைத்துள்ள ஆசிரியருக்கோ, நட்டம் வேறு வகையினது: தவறான காரணத்தை மாணவர் மனத்தில் பதியவிட்டவர் ஆகின்றார்.

குஞ்சு ஏன் இழுக்கப்படுகின்றது? கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 300 லிட்டர் நீர் இறைக்கும் சிறு மோட்டார் வடிகட்டி வினாடிக்குச் சுமார் 83 கன சென்டிமீட்டர் நீரை உட்கொள்ளுகின்றது. நீர் புகும் பிளவுகளின் மொத்தப் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் எனின், அங்கு நீரின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். அஃதாவது, குஞ்சின் உடல் நீளத்தைப்போல் முப்பது மடங்கு. அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டேயிருக்க அதனால் இயலாது. இனி, அதே வாயின்மீது 5 சென்டிமீட்டர் விட்டமும் 8 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை ஸ்பாஞ்சைச் செருகுக. அதன் பக்கப்பரப்பு 125 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மிகும். மோட்டார் இழுக்கும் நீர் சிறிதும் குறையாதிருந்தும், ஸ்பாஞ்சின் முகத்தருகே வேகம் வினாடிக்கு முக்கால் சென்டிமீட்டரையும் எட்டாது. குஞ்சு அதன்மேல் அமர்ந்து பாசியைக் கொத்தித் தின்னும், இடர் இல்லை.

ஆகவே காப்பளிப்பது துளையின் நுண்மை மட்டுமன்று, பரப்பின் பெருக்கமும் ஆகும். இதனை உணராமையால், நைலான் வலைத்துண்டை உறிஞ்சுவாயில் இறுகச் சுற்றிவிட்டு, இனி அச்சமில்லை என்று இருப்பவர் உண்டு. அதனால் பரப்புப் பெருகுவதில்லை, வேகமும் தணிவதில்லை. குஞ்சு உட்புகாது, வலையில் ஒட்டிக்கொண்டு மடியும். ஸ்பாஞ்சும் அழுக்கேறி அடைபடுமாயின் எஞ்சிய சிறு பகுதி வழியே நீர் விரைந்து பாயத் தொடங்கும். ஆதலின் வாரந்தோறும் அதனைக் கழுவுதல் வேண்டும். தொட்டியினின்று வாங்கிய நீரிலேயே கழுவுக. குளோரின் கலந்த குழாய்நீரிற் கழுவினால், மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியாக்கள் மடியும். கையை நீரில் இடுமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுக. இதனை மாணவர்க்கும் கண்டிப்பாகச் சொல்லுக.

வளர்ந்த மீன் ஒன்று உறிஞ்சுவாயிற் சிக்கிக் கிடப்பின் விஷயம் வேறு. நலமுள்ள வளர்ந்த கப்பி இச்சிறு மோட்டாரின் இழுப்பை எளிதில் விலக்கிச் செல்லும். அது நோயுற்றுத் தளர்ந்தோ, முன்னரே இறந்தோ அங்கு இழுக்கப்பட்டிருத்தலே பெரும்பான்மை. அந்நிலையில் வடிகட்டியைக் குறை கூறுதல் தவறு. நீரைச் சோதித்தல் வேண்டும். விளைவு ஒன்றாகத் தோன்றினும் காரணம் இரண்டாதல் கூடும் என்பதைக் கற்பிக்க இதனினும் எளிய சான்று வகுப்பறையில் கிடைப்பது அரிது.

செம்பூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் இதனைப் பெரிய அளவிலும் எடுத்துக்காட்டலாம். 1956-இல் இயங்கத் தொடங்கிய டிராம்பே அனல்மின் நிலையம் தன் நீராவியைக் குளிர்விக்கக் கழிமுக நீரை இழுக்கின்றது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்திற்குக் கடல்நீர் கடலடிச் சுரங்கத்தின் வழியே வருகின்றது. மீன்களும் நண்டுகளும் சொறிமீன்களும் அங்குள்ள சுழல் சல்லடைகளில் வந்து ஒட்டுதலை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு புதிய ஆலைகளுக்கென வகுத்த விதிகளில், நீர் புகும் வேகத்திற்கு வினாடிக்கு அரை அடி என்னும் வரம்பு குறிக்கப்பட்டது. அது சுமார் 15 சென்டிமீட்டர். ஓரளவு வளர்ந்த மீன்களைக் கருதிய வரம்பு அது. ஏழு மில்லிமீட்டர்க் குஞ்சுக்குப் போதாது. நம் தொட்டிக்கு அதனினும் பன்மடங்கு குறைந்த வேகமே தகும்.

என் கருத்தில், பள்ளித் தொட்டிக்கு மோட்டார் வடிகட்டியே தேவையில்லை. காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி போதும், விலையும் குறைவு. குமிழிகள் மேலெழும்போது நீர் மெல்ல ஸ்பாஞ்சின் வழியே வரும். குஞ்சைச் சிக்கவைக்கும் வேகம் அதில் இல்லை. மின்சாரம் நின்றால் குழாய் வழியே நீர் பின்வாங்கிப் பம்பினுள் இறங்காதபடி, பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் வேண்டும். பெரிய வடிகட்டி பெருந்தூய்மை தரும் என்று கடைக்காரர் கூறுவர். பத்துக் கப்பி உள்ள தொட்டிக்கு அத்தூய்மை வேண்டுவதில்லை. அளவாக உணவிடுதலும், வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றுதலும் அதைவிடப் பயன் தரும். ஏற்கெனவே மோட்டார் வாங்கிவிட்டோர் அதனை எறிய வேண்டா. உறிஞ்சுவாய்க்கேற்ற உருளை ஸ்பாஞ்சுகள் இரண்டை வாங்கி, ஒன்றைக் கழுவும்போது மற்றதை மாட்டி வருக. கருவிப் பட்டியல் எழுதும் அலுவலர்களும் வடிகட்டி என்ற சொல்லை அடுத்து ஸ்பாஞ்சு உறை இரண்டு என்று சேர்த்து எழுதினால், பள்ளிக்கு வந்து சேரும் தொட்டி முதல் நாளிலேயே குஞ்சுகளுக்கு ஏற்றதாயிருக்கும்.