உதவித்தொகை நின்றால் ஆய்வும் நிற்கும்

பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார் அண்ணல் அம்பேத்கர். பின்னர் லண்டனில் ஆய்வைத் தொடர்ந்தார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் ஆய்வைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் கோலாப்பூர் மன்னரின் உதவியோடும் 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். 1923-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்த ஆய்வேட்டின் பொருளே ரூபாயின் சிக்கல்தான்.

நூறாண்டு கடந்தும் நம் பிள்ளைகளுக்கு ரூபாயின் சிக்கல் தீரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் இறந்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, தனக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஆய்வு என்பது துறைக்குத் துறை வேறுபடும். மருத்துவத்தில் நோயாளியிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பொறியியலில் ஆய்வகக் கருவிக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ், வரலாறு படிப்போர் ஊர் ஊராய் அலைந்து தரவு திரட்ட வேண்டும். எதுவும் ஓராண்டில் முடியாது, குறைந்தது மூன்றாண்டு. அதுவரை சோறும் அறை வாடகையும் யார் தருவது?

பட்டியல் சாதி ஆய்வாளருக்கான தேசிய உதவித்தொகை, தொடக்க நிலையில் மாதம் 37,000 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். இரண்டும் முழுநேர ஆய்வாளருக்கு மட்டுமே. கையில் காசில்லாதவர்தான் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர ஆய்வில் சேருகிறார். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கதவு அடைபடுகிறது.

இடஒதுக்கீடு வாசல்வரை அழைத்து வரும். உள்ளே போனபின் எல்லாம் நெறியாளர் கையில். அவர் கையெழுத்து தாமதித்தால் பணமும் தாமதிக்கும். ஆனால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் ஆய்வாளருக்கும் பிடிமானம் தந்துள்ளன. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நீங்கள் முன்னேற்றத்தை விளக்கலாம். முன்னேற்றம் போதாது என்றால், குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும். தம்பி, தங்கைகளே, வாய்மொழியாக விரட்டினால் எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்திருங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கத் தயங்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியது, ஊழியருக்குச் சம்பளம் போல் ஆய்வாளருக்கும் மாதம் தவறாமல் பணம் தருவது. பகுதிநேர ஆய்வாளரில் வறியவரையும் திட்டத்தில் சேர்ப்பது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: “இன்னுமா படிக்கிறே?” என்று கேட்காதீர்கள். நம் சேரியைப் பற்றி இதுவரை மற்றவர்களே ஆய்வு எழுதினார்கள். இனி நம் பிள்ளைகளும் எழுதட்டும்.