விழுக்காடும் ஏறுகிறது, குப்பைமேடும் ஏறுகிறது

மறுசுழற்சி வீதம் என்பது ஒரு பின்னம். தொகுதியில் மீட்கப்பட்ட பொருள். பகுதியில் உருவான கழிவு. ஒரு கிலோ கூடுதலாக மீட்காமலே, எதை எந்த இடத்தில் எண்ணுவது என்ற விதியை மாற்றினால் போதும். வரைபடத்தின் கோடு ஏறும், இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நெகிழிப் பொதிகளின் மறுசுழற்சி வீதம் 2019இல் சுமார் 41 விழுக்காடு. 2020இல் சுமார் 38. ஐரோப்பியர்கள் ஓராண்டில் பொறுப்பற்றவர்களாகிவிடவில்லை. தரம்பிரித்தபின் ஆலைக்குள் உண்மையில் நுழையும் எடையை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதி இறுகியது. அவ்வளவே.

விதி இறுகிய இடத்தில் எண் சரிந்தது. விதியே தெளிவாக இல்லாத இடத்தில்? இந்திய நெகிழிக் கழிவில் 60 விழுக்காடு மறுசுழற்சியாகிறது என்ற எண் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக் கட்டுரைகளில் உலவுகிறது. அது எங்கே எடை போடப்பட்டது என்று கேட்போர் அரிது.

ஹவுராவை எடுத்துக்கொள்வோம். அங்கே பழைய செய்தித்தாளும் இரும்பும் அலுமினியமும் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. தமிழ்நாட்டின் பழைய பேப்பர்காரரைப் போன்ற 'பிக்ரிவாலா' வாசலிலேயே எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கிச் செல்கிறார். பழைய இரும்புக்கு அந்நகரின் வார்ப்பாலைகளே சந்தை. இந்தப் பொருள் மாநகராட்சி வண்டியில் ஏறாததால் பின்னத்தின் பகுதியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. நாளை ஒரு தரம்பிரிப்பு மையம் திறந்து, அதே குப்பியை அங்கே கொண்டுவந்தால் 'மறுசுழற்சி வீதம் உயர்ந்தது' என்று அறிக்கை வரும். மண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. பிக்ரிவாலாவுக்கு வருமானம் போகும்.

எவரும் விலைகொடுத்து வாங்காதது எங்கே போகிறது? பெல்காச்சியா குப்பைமேட்டுக்கு. 2025 மார்ச்சில் அந்த மேட்டையொட்டிய நிலம் சரிந்தது. குடிநீர்க் குழாய் உடைந்தது. சுற்றியிருந்த எளியோரின் வீடுகள் விரிசல்விட்டன. நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரின்றித் தவித்தன. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2018 டிசம்பரில் முடிந்துவிட்டிருந்தது. சரிவு நேர்ந்தபோது கேள்வி கேட்க மன்றமும் இல்லை. பல அடுக்குப் பொட்டலங்கள், மெல்லிய உறைகள், உணவோடு கலந்து அழுகியவை ஆகியவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை. விலை இல்லாததால் மீட்பும் இல்லை.

சராசரி எண் மறைப்பது இதைத்தான். அமெரிக்காவில் 2018இல் ஒட்டுமொத்த வீதம், உரமாக்கலையும் சேர்த்து, 32.1 விழுக்காடு. பிரித்துப் பார்த்தால் காகிதமும் அட்டையும் 68.2, கண்ணாடி 25, நெகிழி 8.7. காகிதத்தின் வெற்றி நெகிழியின் தோல்விக்குப் போர்வையாகிறது. கச்சா எண்ணெய் மலிந்தால் புதிய நெகிழி மலிகிறது, பழையதைப் பொறுக்குவோரின் கூலி விழுகிறது, மீட்பும் குறைகிறது. கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் குடிமக்களின் 'விழிப்புணர்வு' என்று வாசிக்கும் ஆய்வு, சந்தை விலையை ஒழுக்கம் என்று தவறாக மொழிபெயர்க்கிறது.

வீடுகளில் பிரித்துப் போடும் பழக்கம் வளர்ந்தால் எல்லாம் சீராகும் என்பது வழக்கமான மறுமொழி. பிரிப்பது அவசியம்தான்; பிரித்ததை வாங்க ஆளில்லாவிட்டால் அது வேறொரு பையில் அதே மேட்டுக்குத்தான் போகும். அத்தகைய உறையைச் சந்தைக்கு அனுப்பும் உற்பத்தியாளரின் செலவில் அது மீட்கப்பட வேண்டும். 2022இன் உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகள் அதையே சொல்கின்றன. ஆனால் சான்றிதழை எண்ணுவதும் பொருளை எடைபோடுவதும் ஒன்றல்ல.

ஆகவே ஆய்வுலகம் ஒற்றை விழுக்காட்டை மேற்கோள் காட்டுவதை நிறுத்த வேண்டும். எந்தப் பொருள், எந்த இடத்தில் எடைபோடப்பட்டது, எந்த விலையில், யார் உழைப்பில் என்ற நான்கும் இல்லாத வீதம் தரவு அன்று, விளம்பரம். பிக்ரிவாலாவின் தராசும் பழைய பொருள் கடைகளின் கணக்கும் பின்னத்துக்குள் வரட்டும். அவற்றை விட்டுவிட்டு வரையப்படும் ஏறுகோட்டைப் பெல்காச்சியாவின் விரிசல்விட்ட சுவர்களுக்குக் கீழே நின்று ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.