நாற்காலி கொடுத்தால் போதுமா? ஓட்டக் கற்றுத் தர வேண்டாமா?

மோட்டாருக்குப் பேர் போன ஊர் கோவை. 1937-ல் நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்தவர்கள் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் என்று ஊரே இன்றும் பெருமை பேசுகிறது. பம்புசெட் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆட்கள் கொங்குச் சீமையில் தெருவுக்குத் தெரு உண்டு.

அதே மோட்டாரில் ஓடும் சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்தால் என்ன ஆகிறது? சில வீடுகளில் நாலு நாள் ஓடுகிறது. அஞ்சாம் நாள் சுவரில் இடிக்கிறது. "வேண்டாம் சாமி, யாராச்சும் தள்ளிக்கலாம்" என்று மூலைக்குப் போய்விடுகிறது. பிறகு அது துணி காயப் போடும் ஸ்டாண்டு!

இரண்டாம் உலகப் போரில் முடங்கிப்போன சிப்பாய்களுக்காகக் கனடா நாட்டு என்ஜினீயர் ஜார்ஜ் கிளைன் உருவாக்கிய வண்டி இது. ஆண்டு 70 ஆகிறது. குறை யந்திரத்தில் இல்லை. பார்த்து வாங்காததிலும் பழக்கித் தராததிலும்தான் குறை.

அளவு பார்த்தீர்களா?

ஒரு புடவைக்கு ஒப்பணக்கார வீதியில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். நாள் முழுக்க உட்காரப் போகும் நாற்காலியை மட்டும் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதா?

முதலில் டேப்பை எடுங்கள். உட்காருபவரின் இடுப்பு அகலம், வீட்டு வாசல், குளியலறைக் கதவு மூன்றையும் அளக்க வேண்டும். பின் சக்கரம் உந்தும் வண்டி வெளி ரோட்டில் நேராக ஓடும். திரும்ப இடம் அதிகம் கேட்கும். நடுச் சக்கரம் உந்தும் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். குறுகலான லைன் வீட்டுக்கு அதுதான் தோது. ஆனால் மேடு பள்ளத்தில் சில சமயம் சிக்கிக்கொள்ளும்.

முதுகுத் தண்டில் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவருக்கு மெத்தைதான் உயிர். மெத்தை சரியில்லை என்றால் புண் வரும். புண் வந்தால் ஆஸ்பத்திரிதான். கை சரியாக வராதவர் முகவாயால் ஓட்டவும் வண்டி உண்டு. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்தால் எங்கே மாற்றுவது, பழுதானால் யார் வருவார் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

'விடு, நிற்கும்!'

ஓட்டுவதில் முதல் பாடம் விசித்திரமானது. சைக்கிளில் பதற்றம் வந்தால் பிரேக்கை இறுகப் பிடிப்போம். இதில் பதறிக் குச்சியை இறுகப் பிடித்தால் வண்டி இன்னும் பாயும். கையை எடுத்தால் தானே நின்றுவிடும். பிடிக்கக் கற்கும் முன் விடக் கற்க வேண்டும். இது சொல்லித் தந்தால்தானே தெரியும்?

முதல் நாட்களில் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம், மிகக் குறைந்த வேகம். பிறகு வீட்டு வாசல். பிறகு சரிவுப் பாதை. அதில் நேராக ஏற வேண்டும், சாய்வாக ஏறினால் கவிழும். கட்டிலுக்கு மாறும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லையென்றால் முழங்கை பட்டாலே வண்டி நகரும். சரிவில் நிற்கும்போது சக்கர லீவரை விடுவித்தால் பிரேக் பிடிக்காது. உருண்டே போகும்!

"ஏனுங்க, இத்தன இருக்குதுங்களா?" என்பார்கள். ஆமாம், இருக்கிறது. மொபட்டுக்கே பத்து நாள் பழகுகிறோமே!

அதிகாரிகள் கவனிப்பார்களா?

தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு பேட்டரி நாற்காலி தருகிறது. நல்ல காரியம். ஆனால் மேடையில் கொடுத்துப் படம் பிடிப்பதோடு வேலை முடியக் கூடாது. கொடுக்கும் முன் உடம்பை அளக்க வேண்டும். கொடுத்த பின் ஒரு வாரமாவது ஓட்டப் பழக்க வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தானே கிடக்கிறது? ஐ.டி.ஐ. படித்த பையன்களுக்கு இந்த மோட்டாரும் பேட்டரியும் பிரமாதமா? மூலையில் தூங்கும் நாற்காலிதான் உண்மையான வீண் செலவு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் அடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு 6 அடி போதும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பொது இடங்களில் அவர்கள் வந்து போகும் வசதிக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், படி ஏற முடியாமல் வாசலோடு திரும்பிப் போகிறவரும் காசு கொடுத்து வாங்க வந்தவர்தானே!

தண்ணீர் குடிக்கவும் வாசலில் நின்று வெயில் காயவும் இன்னொருவரைக் கூப்பிட்டே காலம் தள்ளும் ஒருவருக்கு அந்தச் சின்னக் குச்சி என்ன தருகிறது? "கொஞ்சம் தள்ளி விடு கண்ணு" என்று கேட்காமல் ஒரு நாளைக் கழிக்கும் சுதந்திரம். மோட்டாரை ஊருக்கெல்லாம் தந்த கோவை, அதையும் சொல்லித் தரட்டும்!