பச்சைக்கு அகராதி கிடையாது

அக்கா மகன் போன வாரம் பெரம்பலூரில் டாட்டூ குத்திக்கொண்டு வந்து நின்றான். இடது தோளிலிருந்து முழங்கை வரை கறுப்புக் கட்டங்கள், முக்கோண வரிசைகள், நடுவில் ஓர் ஆமை. "மாவோரி டிசைன் மாமா. சும்மா குத்தல, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் இருக்கு" என்று செல்போனை நீட்டினான். கடையில் கொடுத்த பட்டியலாம். சுறாப்பல் என்றால் வீரம், ஆமை என்றால் குடும்பம், ஈட்டிமுனை என்றால் போராளி. எந்தக் குணம் வேண்டுமோ அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதுவரை பொறுத்துக்கொண்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கம்மாவின் கையைக் காட்டி, "அம்மாயி கையில இருக்கறதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, சும்மா கோலம்" என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரியலூர், ஜெயங்கொண்டம் வரை இந்த நினைப்பு பரவிக் கிடக்கிறது. படத்துக்குப் படம் ஓர் அர்த்தம் ஒட்டியிருக்கிறதாம், தோலில் ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறிவிடுமாம். சுத்தப் பிதற்றல்.

எங்கம்மா வயதுக்கு வருமுன் குத்திக்கொண்ட பச்சை அது. கம்பு அறுப்பு முடிந்ததும் குறத்தி ஊருக்குள் கூவிக்கொண்டு வருவாள். மஞ்சள்தூளும் அகத்தி இலையும் சேர்த்துக் கசக்கி, துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பாள். சட்டியில் படிகிற கரிதான் மை. நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளை அதில் தோய்த்துத் தோய்த்துக் குத்துவாள். பிள்ளைக்கு வலி தெரியக்கூடாதென்று பாடிக்கொண்டே இருப்பாள். கூலி ஒரு முறம் கம்பு. அம்மாவின் முன்கையில் புள்ளி வைத்து வளைத்த கோலம், அதற்குக் கீழே செத்துப்போன அக்காளின் பெயர். அதே திண்ணையில் அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் அதே கோலம்தான். செத்தால் நகைநட்டைக் கழற்றிக்கொள்வார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும் என்பார்கள் எங்கள் பக்கத்துக் கிழவிகள். அந்தக் கோலத்துக்கு எந்தப் பட்டியலைப் பார்த்து அர்த்தம் எழுதுவான் இவன்?

மாவோரி என்று இவன் சொல்வதாவது மாவோரியா? நியூசிலாந்து மாவோரிகளின் பச்சையான மோக்கோவில் சுருள்களும் வளைகோடுகளும்தான் மேலோங்கி நிற்கும். சமோவா, மார்க்கீசஸ் தீவுகளின் கட்டங்களையும் பற்களையும் அள்ளிவந்து அதே பெயரில் விற்கிறார்கள். முகத்து மோக்கோ ஒருவரின் வம்சத்தையும் தகுதியையும் சுமப்பது. 19ஆம் நூற்றாண்டில் நிலப் பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோக்கோவை வரைந்து கொடுத்த தலைவர்கள் உண்டு. 1820களில் இங்கிலாந்து போன மாவோரித் தலைவர் தே பெஹி குப்பே தன் முகத்துக் கோடுகளை நினைவிலிருந்தே தாளில் வரைந்து காட்டினார். அது அவர் முகம், அவர் குலம். அதில் இன்னொருவன் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

சமோவாவில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்துகிற பெஆ நாள்கணக்கில் நடக்கும். உதவியாளர்கள் தோலை இழுத்துப் பிடிக்க, துஃபுங்கா என்னும் கைவினைஞர் சீப்புப் போன்ற கருவியைக் கோலால் தட்டித் தட்டி மையை ஏற்றுவார். பாதியில் எழுந்துபோனால் குடும்பத்துக்கே தலைகுனிவு. 2013இல் நைக்கி நிறுவனம் அந்த பெஆவை அச்சடித்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி உடை கொண்டுவந்தது. பசிபிக் தீவு மக்கள் கொதித்தெழுந்த பிறகு திரும்பப் பெற்றது. அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. எங்கம்மா கையை எவனாவது பனியனில் அச்சடித்தால் நானும் கொதிப்பேன்.

பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. பச்சை குத்திய இடமெல்லாம் நரம்புப் புள்ளி, முன்னோர்களின் மருத்துவம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அக்காளின் பெயரைக் குத்திக்கொண்டது எந்த நோய்க்கு மருந்து? எதைக் கண்டாலும் உடனே ஓர் அர்த்தம் கையில் வேண்டும் நமக்கு. 2020 அக்டோபரில் குன்னம் பக்கத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே புகைப்படம் அனுப்பியது. கடல்வாழ் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்று நிலவியலாளர்கள் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது?

எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக் கொடியைத் தொண்டர்கள் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஊர்களில் அந்தக் கையோடு நடமாடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னார், இவர்கள் குத்திக்கொண்டார்கள். எந்த நிறத்துக்கு என்ன பலன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கம்மாவும் கேட்கவில்லை. குறத்தி, அக்காள், பெரியம்மா, அந்தத் திண்ணை எல்லாம் சேர்ந்ததுதான் அம்மாவின் பச்சை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கா மகன் ராணுவத்துக்குப் போக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவன். ராணுவ ஆள்சேர்ப்பில் முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் பச்சைக்கு அனுமதி. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. தோளில் சுறாப்பல்லோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீரம் என்று சொல்லி ஊசியை எடுத்த டாட்டூக்காரர், என்ன வேலைக்குப் படிக்கிறாய் தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.