அடையாளக் கல்லை விட்டு நகர்வோம்

"என் கண்ணால் கண்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம்மிடையே வாதம் முடிந்துவிடுகிறது. முடியலாகாது என்பதே என் கட்சி.

உரோம் நகரில் புனித இஞ்ஞாசியார் கோயில் இருக்கிறது. அதன் நடுவே எழும்ப வேண்டிய குவிமாடம் கட்டப்படவில்லை. அந்திரேயா போட்சோ என்னும் இயேசு சபைத் துறவி, 1685-இல் தட்டையான துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து அங்கே பொருத்தினார். தரையில் பதித்த அடையாளக் கல்லின்மேல் நின்று அண்ணாந்தால் தூண்களும் பலகணிகளும் மேலே மேலே உயர்கின்றன. விலகி நடந்தாலோ மாடம் சாய்ந்து குலைகிறது!

இதனை வெறும் கண்கட்டு வித்தை என்று நண்பர் சிலர் ஒதுக்குகின்றனர். வித்தைக்காரன் தன் சூட்சுமத்தை மறைப்பான். போட்சோவோ 1693-இல் தம் முறையைப் படங்களுடன் நூலாக அச்சிட்டு உலகுக்கு அளித்தார். நான் இதைச் சோதனை என்பேன்.

அருகிலுள்ள பொருளின் ஆழத்தை, இரு கண்களும் காணும் காட்சிகளின் சிறு வேறுபாட்டால் அறிகிறோம். தொலைவில் அவ்வேறுபாடு மிகக் குறைந்துவிடும். அப்போது மூளை, குவியும் கோடுகளையும் நிழலையும் சான்றாகக் கொண்டு ஆழத்தை ஊகிக்கிறது. ஓவியர் பொய்ச்சான்று தந்தார். மூளை முறைப்படி ஊகித்தே ஏமாந்தது. அது ஓவியம் என்று அறிந்த பின்னும் மயக்கம் தீர்வதில்லை. கால் நகர்ந்தால்தான் தீர்கிறது.

ஆய்வுக்கூடத்தில் நானும் இவ்வாறே ஏமாந்தேன். முள் அசையும் மானி ஒன்றின் பக்கவாட்டில் அமர்ந்து நான்கு நாட்கள் அளவெடுத்தேன். எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்திருந்தன. பெருமை கொண்டேன். ஐந்தாம் நாள் இளைய மாணவர் ஒருவர் நேரே நின்று பார்த்து வேறு எண்ணைச் சொன்னார். "நான் கண்ணால் பார்த்துத்தானே எழுதினேன்?" என்று சினந்தேன். பிறகுதான் விளங்கிற்று, அது இடமாறு தோற்றப் பிழை. நான்கு நாளும் ஒரே இடத்தில் அமர்ந்திருந்ததால்தான் எண்கள் ஒத்தன! அவ்வளவையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். கண்ணை நம்பாதே என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்வது போதாது. இடம் மாறி நின்று பார்ப்பதும், எதிரே நிற்பவர் என்ன காண்கிறார் என்று கேட்பதுமே விசாரணை. பல மொழியினர் கூடி வாழும் நம் விடுதியில், "அவர்கள் இப்படித்தான், நானே பார்த்தேன்" என்று எத்தனை முறை தீர்ப்பளித்திருக்கிறோம்! அப்போது எங்கே அமர்ந்திருந்தோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

அந்த இளைய நண்பருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இக்கட்டுரை அதற்காகவும்தான்.