வீட்டுக்குள் வந்த தலையாட்டி

அண்மையில் திருகோணமலைக்குச் சென்றிருந்தபோது, உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள ஒழுங்கையொன்றில் வசிக்கும் என் மாமியைப் பார்க்கப் போனேன். எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். கூடத்தில், சுவாமிப் படத்துக்கு எதிரே, அலுமாரியின் மேல் உருண்டையாக ஏதோ ஒன்று துவாயால் மூடப்பட்டிருந்தது.

"என்ன மாமி அது?"

"சின்னவன் ரொறன்ரோவிலையிருந்து அனுப்பின கமரா. நான் நடக்க நடக்க அதுவும் தலையைத் திருப்புது தம்பி. எனக்கு அந்தச் சுற்றிவளைப்பு நாளுகள்தான் ஞாபகம் வருது."

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சுற்றிவளைப்பின்போது ஊரவரை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்தில் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும். அவன் தலையசைத்தால் அந்த மனிதன் வீடு திரும்புவது நிச்சயமில்லை. அவனுக்கு ஊர் வைத்த பெயர் தலையாட்டி. அந்த வரிசையில் கணவனையும் தம்பியையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒரு பெண்ணின் கூடத்தில், அவரைக் கேளாமலே மகன் ஒரு தலையாட்டியை வாங்கி வைத்திருக்கிறான். பாசத்தினால்தான். அதனால்தான் இதைக் கண்டிப்பது கடினமாக இருக்கிறது. ஆயினும் கண்டிக்கத்தான் வேண்டும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கள்வன் கூடத்தின் நடுவிலிருந்து முளைப்பதில்லை. படலையாலோ மதிலாலோ பின்கதவாலோதான் வருவான். கமராவைக் கூடத்திலும் படுக்கையறையிலும் வைப்பவர் கள்வனைத் தேடவில்லை. அம்மா மாத்திரை குடித்தாரா, வேலைக்கு வரும் பெண் எத்தனை மணிக்குப் போனாள், பக்கத்து வீட்டு அக்கா வந்து என்ன கதைத்தார் என்பவற்றையே தேடுகிறார். இவற்றையெல்லாம் தொலைபேசியில் அம்மாவிடமே கேட்கலாம். கேட்க அரை மணி நேரம் செல்லும். கமராவில் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த வித்தியாசத்துக்குத்தான் நாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்தது, அந்தப் படம் எங்கே போகிறது என்ற கேள்வி. மலிவான கம்பியில்லாக் கமராக்களில் பல, படத்தை வீட்டில் வைத்திருப்பதில்லை. வீட்டு வைஃபை வழியாக ஏதோ ஒரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. உங்கள் தாயாரைப் பார்க்க நீங்கள் அந்த நிறுவனத்திடம்தான் போகிறீர்கள். அங்கே வேறு யார் பார்க்கிறார்கள்? அமேசனுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், 2017இல், பெண்களின் படுக்கையறைகளிலும் குளியலறைகளிலும் இருந்த கமராக்களின் பதிவுகளை மாதக்கணக்கில் பார்த்திருந்தார் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலருடன் அந்த விடயம் முடிந்தது. 2024 பெப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் சேவை தடைப்பட்டு மீண்டபோது, ஏறத்தாழ 13,000 வாடிக்கையாளருக்கு அந்நியர் வீட்டுக் காட்சிகள் போய்ச் சேர்ந்தன. 2016இல் மிராய் என்னும் நச்சுநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பிற கருவிகளையும் உலகமெங்கும் பிடித்துப் படையாக்கி, இணையத்தின் பெரும் தளங்கள் சிலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. மாமி வீட்டுக் கமராவின் கடவுச்சொல்லும் பெட்டியில் அச்சிட்டிருந்த அதே சொல்தான். நானே பார்த்தேன்.

சட்டம் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் கமரா அயல்வீட்டுக் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்கள் மனச்சாட்சியின் விடயம். எங்கள் ஒழுங்கைகளின் அகலம் உங்களுக்குத் தெரியாததல்ல.

"கமரா இருந்திருந்தால் எத்தனை அநியாயங்களுக்குச் சாட்சி இருந்திருக்கும்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். இந்த ஊரைப் பற்றி இப்படிச் சொல்பவர் 2006ஐ மறந்தவர். அவ்வாண்டு ஜனவரி 2ஆந் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் சுடப்பட்டதைக் காட்டின. அம்மாதம் 24ஆந் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டனர். படம் இருந்தது. அதை எடுத்து, வைத்திருந்து, வெளியிட ஒரு மனிதனும் இருந்தான். கருவி தானாகச் சாட்சி சொல்லாது. பதிவு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் அது சொல்லும். அந்தப் பதிவைக் கண்காணாத நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டு, எனக்குச் சாட்சி இருக்கிறது என்கிறீர்கள்.

கமராவே கூடாதென்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தைச் சுற்றிய பகுதியில் தனியாக வாழும் முதியவர்கள் பலர். களவு நடக்கத்தான் செய்கிறது. வைப்பதானால் படலைக்கு வையுங்கள். இரண்டரை, மூன்று மீற்றர் உயரத்தில், உங்கள் எல்லையை மட்டும் பார்க்கும்படி. இயன்றால் கம்பி இழுத்து, வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த பதிவுப் பெட்டியில் சேமியுங்கள். கம்பியில்லாததுதான் வேண்டுமென்றால் நினைவட்டையில் பதிவதை வாங்குங்கள். இணைய இணைப்பு இல்லாமலும் பதியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள். (கம்பியில்லாக் கமரா என்பதே பாதிப் பொய். படத்துக்குத்தான் கம்பியில்லை. மின்கலத்தில் இயங்குவதைத் தவிர மற்றவற்றுக்கு மின்சாரம் கம்பியில்தான் வரவேண்டும்.) கடற்காற்று உப்பில் ஆணியே கரையும் ஊர் இது. மழைக்கும் தூசுக்கும் தாங்கும் என்ற குறியீடு உப்புக்குப் பொறுப்பேற்காது. இணைப்புகளை மூடி ஒட்டவேண்டும். பழைய வீடுகளின் தடித்த சுவரைத் தாண்டும்போது வைஃபை அலை மெலிந்துவிடும்.

மின்சாரத்தையும் மறக்கவேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். வழிச்செலுத்தி அணைந்தால் உங்கள் காவற்காரனும் குருடன். அதற்கென ஒரு சிறு மின்கலமாவது வேண்டும்.

அன்றிரவு மாமியின் மகனுடன் நீண்ட நேரம் கதைத்தேன். முதலில் கோபித்தான். "நீங்கள் பக்கத்திலை இருக்கிறியளோ அண்ணை? நான் இங்கையிருந்து வேறென்ன செய்யிறது?" என்றான். நியாயமான கேள்வி. என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டாயா என்று மட்டும் திருப்பிக் கேட்டேன்.

மறுவாரம் கமராவை மின்வேலை தெரிந்த ஒரு பையன் படலைத் தூணுக்கு மாற்றிக் கொடுத்தான். வெயிலுக்கும் மழைக்கும் மேலே ஒரு தகரக் கூரை. நினைவட்டை போட்டு, கடவுச்சொல்லை மாற்றினோம். புதிய சொல்லை மாமியே தெரிவு செய்தார். மகனுக்கு அதைத் தொலைபேசியில் சொன்னவரும் அவர்தான். இப்போது இங்கே அதிகாலை இரண்டு மணியாகவும் ரொறன்ரோவில் பின்னேரமாகவும் இருக்கையில் அவனது கைத்தொலைபேசி எச்சரிக்கை ஒலிக்கிறதாம். பார்த்தால், கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று மதிலோரச் செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருக்கிறது. உடனே தாய்க்கு அழைப்பெடுத்து நித்திரையைக் குழப்பியிருக்கிறான். மாமி ஏசியதை இங்கே எழுதமுடியாது.